கல்லின் விளிம்பு

இரவு ஒன்பது நாற்பதுக்கு
மீன்வளம் கைமாறியது.
மண்டபம் வடக்குக் கரையில்
படகுகளுக்கு ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது.
டீக்கடை டிவியில் பெயர்கள் ஓடின:
இவருக்குப் பதில் அவர்,
அவருக்குக் கதர்,
கதரில் இருந்தவருக்கு ஒன்றுமில்லை.
கண்காணிப்பாளர் சீனி அசனார்
பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
"கல்லு?" என்றார்.

கல் புது ஏலக்கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.
காலை பத்தரைக்குத் திறப்பு விழா.
முன்பக்கம், சற்றுமுன் வரை அமைச்சராயிருந்தவர்.
பின்பக்கம், அவருக்கு முந்தியவர்.
அது அடிக்கல் நாட்டு விழாவுக்கு; அந்த விழாவும் நடக்கவில்லை.
திருப்பிப் போட்டுக் கொத்தலாம் என்று
யோசனை சொன்னது நான்தான்.
தணிக்கையில் அதற்கு ஒரு வரி பாராட்டு வந்தது.

கொத்தர் காளிராசு டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ரெண்டு பக்கமும் ஆச்சு சார்.
இனி விளிம்புதான்.
மூணு விரக்கடை. இனிஷியல விட்டா பேரு நிக்கும்."

பதினோரு வருஷத்தில் ஏழு பேருக்கு
மாண்புமிகு தட்டியிருக்கிறேன்.
நேரில் கண்டது ஒருவரை.
கழிப்பறை எங்கே என்று கேட்டார்.
பூட்டியிருந்தது.

மாறுவது இந்தக் கரைக்குப் புதிதில்லை.
வாடை விழுந்தால் வடகடல் படகுகள்
பாலம் தூக்கக் காத்திருந்து
தென்கடலுக்குப் போகும்.
கச்சான் கிளம்பினால் திரும்பும்.
யாரும் பதவிப் பிரமாணம் எடுப்பதில்லை.

போன மாதம் என் மேசைக்கு வேறொரு தாள் வந்தது:
அரசியலமைப்புப் பதவிகள், நியமன முறைச் சீர்திருத்தம்,
பொதுமக்கள் கருத்து, பதினைந்து நாட்களுக்குள்.
தேர்தல் ஆணையர் நாற்காலி காலி.
அதனால் உள்ளாட்சித் தேர்தல் இல்லை,
அதனால் ஊராட்சித் தலைவர் இல்லை,
அதனால் செவ்வாய்தோறும் வரும் தனி அலுவலர்,
அதனால் புதன்கிழமை உடைந்த குடிநீர்க் குழாய்க்கு
ஆறு நாள் பொறுமை.

பதினான்காம் நாள் நம்புசெல்வி வந்தாள்.
நாலாம் வார்டு, முன்னாள் உறுப்பினர்.
பாசி எடுத்த கையோடு வந்திருந்தாள்,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
தாள் நனையாமல் நுனியில் பிடித்து
உட்பிரிவு அ, ஆ, இ எல்லாம் படித்தாள்.
பிறகு சொன்னாள்:

"படகு வடக்கயும் போவும், தெக்கயும் போவும்,
காத்துக்குத் தக்கன. போகட்டும்.
பாம்பன் வெளக்கையும் சேத்து நகத்துனா
நாங்க எதப் பாத்துக் கரை சேர்றது?
யாரை வேணாலும் வையுங்க.
வச்ச ஆளு வச்ச எடத்துல இருக்கணும்.
மொதல்ல, வையுங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதன் கீழ் இரண்டு வரிக்கு இடமிருந்தது.
எழுதினேன். வெளக்கு மார்ஜினில் ஏறிக்கொண்டது.
சென்னையிலிருந்து பதில் வந்தது:
தங்கள் கருத்து உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.
உரிய துறை எதுவென்று போடவில்லை.
அதையும் நேற்றிரவு
யாருக்காவது கொடுத்திருப்பார்கள்.

காலை ஆறரைக்கு,
விழா ஒத்திவைப்பு.
பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.
சிவப்பு ரிப்பன் மட்டும் வாசலில் குறுக்கே இருந்தது.
நண்டுவலைக்காரர்கள் கரை பிடித்துவிட்டார்கள்.
வெயில் ஏறுகிறது,
நண்டு அரசாணைக்கு நிற்காது.
முதலில் ஒரு கூடை ரிப்பனுக்கு அடியில் குனிந்தது.
பிறகு நம்புசெல்வி.
பிறகு எண்ணவில்லை.
"முந்நூத்தி அறுவது, அறுவத்தஞ்சு, அறுவத்தஞ்சு..."
புதுச்சுவர் ஏலக் குரலை இரண்டு முறை சொன்னது.
திரும்பிப் பார்த்தால் ரிப்பன் இல்லை.
நீலக்கால் நண்டு ஒன்று
கொடுக்கு இரண்டும் சிவப்பாய்க் கட்டப்பட்டு
தராசில் கிடந்தது.

சீனி அசனார் ஒரு சாக்கை எடுத்து
கல்மேல் போர்த்தினார்.
"திறந்தாச்சுன்னு எழுதிரலாமா சார்?"
"யாரு திறந்ததுன்னு போடுவ?"

காளிராசு
விளிம்பில் உளியை வைத்தபடி
பெயருக்காக நின்றுகொண்டிருந்தார்.